நூற்றுக்கு எட்டுப் பறவைகள்

திருவண்ணாமலை
சோபகிருது வருஷம், ஐப்பசி மாதம்

சிரஞ்சீவி அம்பலவாணனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே மலை நின்ற இடத்தில் நிற்கிறது, அண்ணாமலையார் தயவில் நாங்களும் நிற்கிறோம், அப்பாவின் முழங்கால் ஒன்றுதான் நிற்க மாட்டேன் என்கிறது. கோடிக்கரையில் உப்புக் காற்றும் மழையும் உன்னை எப்படி வைத்திருக்கின்றன என்று தெரியாமல் நாளுக்கு ஒரு தரமாவது தபால்காரர் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடைமழை இந்த வருஷம் சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்டது, பின்கட்டுக் கிணற்றில் குனிந்தால் கைக்கு எட்டும் அளவுக்குத் தண்ணீர், சமையலறை மூலையில் ஓடு ஒழுகுகிறது, அடியில் பித்தளை அண்டாவை வைத்திருக்கிறேன். அன்னாபிஷேகம் குறைவில்லாமல் நடந்தது. அப்பா சாமிக்குச் சாதம் சாத்தி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்திருக்க முடியாமல் உமாமகேஸ்வரன்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டானாம், இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, உமாமகேஸ்வரனே சொன்னான். உன் சித்தப்பா பிள்ளைக்குப் பேச்சு கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனால் வேலை என்றால் கை முந்திக்கொள்கிறது. உன் அக்கா உண்ணாமுலைக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, வாந்தி நின்று நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று காஞ்சிபுரத்திலிருந்து அத்திம்பேர் எழுதியிருந்தார், தீபம் கழித்து அழைத்து வரவேண்டும். தீபாவளிக்கு உனக்கு வேஷ்டியும் ஒரு டப்பா முறுக்கும் லேகியமும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், லேகியத்தைத் தானம் பண்ணிவிடாமல் நீயே சாப்பிடு. நீங்கள் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடும் இடத்தில் மீன் வாசனை தாங்க முடியவில்லை என்று எழுதினாயே, பருப்புப் பொடியும் வைத்திருக்கிறேன், சாதம் மட்டும் தனியாக வடித்துக்கொண்டால் போதும்.

உன் உத்தியோகத்தை ஊருக்கு விளக்குவது எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது. பம்பாய்க்காரர்கள் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள், குளிருக்குப் பயந்து வடக்கேயிருந்து கடலோரமாக வரும் ஆலாக்களையும் கடற்காக்கைகளையும் கரையில் நின்று எண்ணுவது என் பிள்ளையின் வேலை என்று நானும் ஒப்பிக்கிறேன். பூக்காரி திரௌபதி கூடையை இறக்கி வைத்துவிட்டு, “இன்னாம்மா இது, காக்கா எண்றதுக்கா அவ்ளோ தூரம் போனாரு, நம்ம கோபுரத்துல குந்திக்கினு இருக்கிற புறாவ எண்ணினா ஆவாதா?” என்று கேட்டாள். கீழ்பென்னாத்தூர் குருக்கள் வீட்டிலிருந்து ஒரு பெண் ஜாதகம் வந்திருக்கிறது, பெண் லட்சணமாக இருக்கிறாள், பத்தாவது படித்திருக்கிறாள், பெண்ணின் தகப்பனார் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், பறவை வராத மாசத்தில் மாப்பிள்ளை என்ன எண்ணுவார் என்று கேட்டார். நான் என்ன சொல்வது, வீட்டில் எண்ணெய்ச் செலவை எண்ணட்டும் என்று சொல்லிவிட்டேன். கனகாம்பாள் அத்தைக்கு வேறு கவலை. உயிருள்ளதை எண்ணினால் கண் பட்டுவிடும் என்பது அவள் கட்சி, நம் தெருக் குழந்தைகளை வரிசையாக உட்கார்த்திச் சோறு போடும்போதுகூட விரல் நீட்டி எண்ண விடமாட்டாள், உனக்குத் தெரியாததா. தம்பி பிள்ளை கோடிக்கணக்கான பறவையின் கண்ணேற்றைக் கட்டிக்கொள்கிறான் என்று வெள்ளிக்கிழமைதோறும் நீ இருக்கும் திசை பார்த்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறாள்.

நான் இந்த வயது வரை கடலைப் பார்த்ததில்லை. மழை நாளில் நம் ஏரி நிறைந்து கரை தெரியாமல் கிடக்குமே, அதைப் பத்து மடங்கு பெரிதாக நினைத்துக்கொண்டு அதற்கு மேலே நீ எழுதிய வெள்ளைப் பறவைகளை வரிசையாகப் பறக்கவிட்டுப் பார்ப்பேன். எதற்காக இதை ஒருவன் எண்ண வேண்டும் என்று எனக்கும் நெடுநாள் புரியவில்லை. அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கும் ஜோதியம்மாளை உனக்கு நினைவிருக்கும், பௌர்ணமி தவறாமல் மலை சுற்றிவிட்டு நம் வாசலில் நின்று மோர் கேட்பவள். மூன்று பௌர்ணமியாக அவளைக் காணோம் என்று எனக்குத் திடீரென்று உறைத்தது. ஆள் விட்டு விசாரித்தால் கால் பிசகிப் படுத்திருக்கிறாள், பார்த்துக்கொள்ள யாரும் இல்லை, உமாமகேஸ்வரனை அனுப்பி வைத்தியரைக் கூட்டிப் போகச் சொன்னேன். வருகிறவர்களை இத்தனை நாளாக நான் கவனித்து வைத்திருந்ததால்தானே அவள் வராதது தெரிந்தது, அப்போதுதான் உன் வேலை எனக்குக் கொஞ்சம் விளங்கின மாதிரி இருந்தது. வந்ததைச் சரியாக எண்ணி வைத்தால்தான் என்றைக்காவது வராமல் போனால் கேட்பதற்கு ஒரு நாதி இருக்கும். இதை அத்தையிடம் சொன்னேன், அவள் குழம்பு அடிப்பிடிக்கிறது பார் என்றாள்.

இனி உன் போன கடிதத்துக்கு வருகிறேன். இரண்டாம் பக்கத்தை அப்பாவுக்கு வாசிக்காதே என்று தலைப்பில் எழுதியிருந்தாய். சாயரட்சைக்குப் போவதற்கு முன் உன் கடிதத்தை நான்தான் அவருக்கு வாசிக்கிறேன் என்று தெரிந்தும் எழுதினாயே. நானும் முதல் பக்கத்தை முடித்து, இரண்டாவதை மடித்துக்கொண்டு, மற்றபடி சௌக்கியமாம் என்றேன். “ஏண்டி, நடுவுல எதையோ முழுங்கறே. மந்திரத்துல ஒரு சொல் விட்டாலே எனக்குக் காது உறுத்தும், பெத்த பிள்ளை கடுதாசில ஒரு பக்கத்தை விட்டா தெரியாதா?” என்றார். வேறு வழியில்லாமல் வாசித்தேன். நீ எழுதியதை எனக்கு விளங்கினபடி திருப்பிச் சொல்கிறேன், தப்பிருந்தால் நீ சொல்லு. உன்னோடு கரையில் நின்று எண்ணும் பரசுராமன் கைக்குள் அடங்குகிற மெஷின் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி எண்ணுகிறார். உனக்கு அது கைக்கு வரவில்லை என்று, சின்ன வயதில் அப்பா பழக்கிய மாதிரி பறவைக்கு ஒரு நாமமாக அஷ்டோத்தரத்தை வாய்க்குள் சொல்லி விரல் கணுவில் எண்ணியிருக்கிறாய். நூற்றெட்டு நாமம் முடிந்தால் ஒரு சுற்று, சுற்றுக்கு ஒரு கோடு, சாயங்காலம் கோட்டுக்கு நூறு பறவை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். நம் வீட்டு வழக்கம் அது. நூற்றெட்டு அர்ச்சனை சொன்னால் நூறு என்றுதான் வைத்துக்கொள்வது, மீதி எட்டு வாய் குழறினதற்கும் மனசு வேறெங்கோ போனதற்கும் ஈடு. உனக்குப் பூணூல் போட்ட நாளிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிப்போனது, அங்கே போயும் யோசிக்காமல் அதையே செய்துவிட்டாய். ஒரே கரையில் ஒரே பறவைகளை எண்ணியும் பரசுராமன் கணக்கு எப்போதும் உன்னுடையதைவிடக் கூடவே இருந்தது. குருக்கள் வீட்டுப் பிள்ளை பொய்க் கணக்கு எழுத மாட்டான் என்று உங்கள் அதிகாரி உன்னை நம்பி, பரசுராமன்தான் பேர் வாங்குவதற்காகக் கூட்டி எழுதுகிறார் என்று முடிவு கட்டி, அவரைக் கரையிலிருந்து எடுத்துக் பறவை பிடிக்கும் வலைகளில் கிழிந்ததைத் தைக்கப் போட்டுவிட்டார். அப்புறம் ஒரு நாள் நீங்கள் இரண்டு பேரும் நடந்து வரும்போது உப்பளத்து வேலிக் கழிகளைப் பேச்சுவாக்கில் எண்ணியிருக்கிறீர்கள். நீ இருநூறு என்றாய், அவர் இருநூற்றுப் பதினாறு என்றார். அவர் சிரித்துவிட்டு நடந்துவிட்டார், உனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், போன வருஷத்துக் கணக்கு பம்பாயில் அச்சாகியும் விட்டது, என்ன செய்யட்டும் அம்மா என்று கேட்டிருக்கிறாய்.

அப்பா முதலில் சிரித்தார். ஆலாவுக்கு அஷ்டோத்தரம் பண்ணியிருக்கான் பாரு உன் பிள்ளை என்று சொல்லிச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்து இருமலே வந்துவிட்டது. கோவிலை விட்டுப் போனாலும் வாய் நாமத்தை விடவில்லையே என்று உள்ளுக்குள் பெருமையும் இருந்தது, நான் பார்த்தேன். அத்தை முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமல், “அது சரிடா சம்பந்தம், நூத்துக்கு எட்டு எட்டா விட்டுட்டானே, அந்தப் பட்சியெல்லாம் எங்கே போச்சு? அதுகளும் அத்தனை தூரம் பறந்துதானே வந்துது?” என்றாள். அவ்வளவுதான், சிரிப்பு நின்றுவிட்டது. விபூதிச் சம்புடத்தைக்கூட மறந்து வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போனார். மறுநாள் மத்தியானம் இலையில் உட்கார்ந்து மோர் சாதத்துக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். “நான் எட்டைத் தள்ளி வைக்கறது சாமிக்கு நான் கொடுக்கறதுல. நான் கொடுத்ததை நான் கம்மியாச் சொல்லிக்கலாம், அது அடக்கம். தானா வந்ததை வரலைன்னு சொல்றதுக்கு நமக்கு யார் அதிகாரம் கொடுத்தா?” என்றார். உடனே கை கழுவப் போய்விட்டார்.

நான் என் பங்குக்கு ஒன்று சொல்ல வேண்டும், கேட்டுக் கோபித்துக்கொள்ளாதே. தீபத் திருவிழா முறை இந்த வருஷம் நம் வீட்டுக்கு வருகிறது என்பது உனக்குத் தெரியும். பங்காளிகள் வீடெல்லாம் சுற்றி எத்தனையோ வருஷம் கழித்து வருகிறது. கொடியேற்றத்திலிருந்து பரணி தீபம் வரை நீ அவர் பக்கத்தில் நிற்க வேண்டும், சம்பந்தமூர்த்தி குருக்களுக்குப் பிறகும் அந்த வீட்டில் ஒருவன் இருக்கிறான் என்று நாலு பேர் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. பறவை வருகிற காலமும் அதுதான், லீவு கிடைக்காது என்று நீ எழுதியபோது சரி என்று ஒரே வார்த்தையில் விட்டார், ஆனால் உனக்கென்று வாங்கி வைத்த பட்டு அங்கவஸ்திரத்தைப் பூச்சி அரிக்கிறதா பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லிப் பெட்டியிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி இருக்கும்போது உன் கடிதம் வந்தது. வாசித்து முடித்ததும் என் மனசில் முதலில் வந்தது பரசுராமன் இல்லை, பாவ புண்ணியமும் இல்லை. இவன் உண்மையைச் சொல்லுவான், அவர்கள் அனுப்பிவிடுவார்கள், தீபத்துக்குப் பிள்ளை வீட்டில் இருப்பான், இதுதான் வந்தது. உடனே காகிதத்தை எடுத்து, சத்தியத்தை மறைக்கக் கூடாது கண்ணா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று பெரிய உபதேசமாக எழுதினேன். எழுதிப் படித்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கிழித்து அடுப்பில் போட்டேன். அப்பாவிடமும் சொன்னேன், நாம் நல்லதையே சொன்னாலும் அதில் நம் ஆசை கலந்திருக்கிறது, உங்கள் பிள்ளை அதை மோப்பம் பிடித்துவிடுவான், அப்புறம் நாம் சொன்னதால் வேலையை விட்டேன் என்று ஆயுசுக்கும் நினைப்பான், இதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று கேட்டேன். அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நேற்றுக் காலை கோவிலிலிருந்து வரும்போது உமாமகேஸ்வரனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் உட்காரவைத்து, காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு, “இந்த வருஷத் தீப முறையை நீயே பாருடா. என் முழங்காலை நம்பி சாமி காரியத்தை ஒப்புத்துக்க முடியாது” என்றார். அவன் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். “பெரியப்பா, அம்பலம் வந்துட மாட்டானா? முறை உங்களுதாவே இருக்கட்டும், நான் கூட நின்னு செய்யறேன், யாருக்கும் தெரிய வேண்டாம்” என்றான். நல்ல பிள்ளை. அப்பா கேட்கவில்லை. மற்றப் பங்காளிகளிடமும் போய்ச் சொல்லி வெற்றிலை பாக்கு மாற்றி ஆகிவிட்டது, இனிமேல் அதை மாற்ற முடியாது. மறுபடி அந்த முறை சுற்றி நம் வீட்டுக்கு வரும்போது நாங்கள் இருப்போமோ இல்லையோ. உன் அங்கவஸ்திரத்தையும் அவனுக்கே கொடுத்துவிட்டார். அவன் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, “இப்ப எழுது லலிதா. அவன் வந்து நமக்கு ஆகவேண்டியது ஒண்ணும் இல்லை” என்றார். அவர் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, நான்தான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். எனக்கு மனசு ஆறவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், ஆறின மாதிரி எழுதினால் அதுவும் பொய்தானே.

ஆகையால் இப்போது சொல்கிறேன், போய்ச் சொல்லிவிடு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், காற்றில் போவதை அளக்க ஒத்துக்கொண்டவன் நீ. கோட்டுக்கு எட்டு கூட்டினால் கணக்கு நேராகிவிடும், ஒரு சாயங்கால வேலை என்று நீயே எழுதியிருக்கிறாய், அச்சானது அச்சானதாக இருந்தாலும் அவர்களுக்கு எழுதிப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். பரசுராமன் பேரை அந்த மாதிரி கூட்டிப் பெருக்கித் திருத்த முடியாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அந்த மனிதர் செய்யாத தப்புக்கு வலை தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் வீட்டில் பெண்டாட்டியும் குழந்தைகளும் அவரை என்னவென்று நினைப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நீ கேட்டாய் என்று எழுதுகிறேனே தவிர, உனக்கே இது தெரியும், தெரியாவிட்டால் அம்மாவுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்க மாட்டாய். சொல்லும்போது எங்கள் வீட்டு வழக்கம், அப்பா பழக்கினது என்று எங்களைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தாதே. என் தப்பு, பரசுராமன் எண்ணினதுதான் சரி என்று முதல் வார்த்தையாகச் சொல்லு, வழக்கத்தைப் பற்றி அவர்கள் கேட்டால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் உன்னை வைத்துக்கொண்டால் அங்கேயே இருந்து ஒழுங்காக எண்ணு, அந்த மெஷினைக் கேட்டு வாங்கிப் பழகிக்கொள், தீபத்துக்கு ஓடி வர வேண்டாம். புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னால் மட்டும் எந்தப் பறவை வந்தாலும் கரையில் நிற்காதே.

அனுப்பிவிட்டார்களானால் வெட்கப்பட்டுக்கொண்டு வேறெங்கும் போய்ச் சுற்றாமல் நேரே வீட்டுக்கு வா. தெருவில் யாராவது ஏதாவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், என் வாய்க்கு இந்த ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளாகத் தீபத்தன்று சாயங்காலம் நான் தெருவில் பெண்டுகளோடு நின்றுதான் மலையைப் பார்ப்பேன், அப்பா முறை உள்ள வருஷமும் இல்லாத வருஷமும் கோவிலுக்குள் ஏதாவது ஒரு வேலையில் இருப்பார். இந்த வருஷம் என்னோடு தெருவில் வந்து நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று நேற்று ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் கேட்டார், அண்ணாமலையாரைத் தொட்டுப் பூஜை செய்கிறவர் என்னிடம் வழி கேட்கிறார். நீ வந்தால் மூன்று பேருமாக நிற்போம், வராவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் நின்று உனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்கிறோம்.

அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் உன் கூடவே இருந்து உன்னை நிமிர்ந்து நிற்க வைக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் அத்தையின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. இதைப் படித்ததும் எங்களுக்குப் பதில் எழுத உட்காராதே. அதிகாரியிடம் போவதற்கு முன்னால் பரசுராமன் வீட்டுக்குப் போ, அவர் பெண்டாட்டி காது கேட்கச் சொல்லு, அப்புறம் எழுது.

இப்படிக்கு, உன் நன்மையையே நினைத்திருக்கும்
அம்மா லலிதாம்பாள்